தொண்டரை எண்ணுவதும் ஒரு தொண்டே

திருவிழா இனிது நிறைவுற்றுக் கொடி இறங்கிய மறுநாளே ஆலய அலுவலகங்களில் கணக்குப் பார்க்கும் பணி தொடங்கிவிடும். உண்டியல் காணிக்கை எவ்வளவு, அர்ச்சனைச் சீட்டுகள் எத்தனை, பால்குடங்கள் எத்தனை, அன்னதானத்திற்குச் செலவான அரிசி எத்தனை மூட்டை என ஒன்று விடாமல் எழுதி வைக்கின்றனர். போற்றத்தக்க வழக்கம் இது. ஆயினும், தொண்டு புரிந்தவர் யாவர், அத்தொண்டினால் பயன்பெற்றவர் யாவர் என்னும் இரு வினாக்களுக்கு மட்டும் ஆண்டறிக்கையில் பல வேளைகளில் ஒரே வரிதான் விடையாக அமைகிறது: "தொண்டூழியர் பலர் உதவினர், ஏராளமானோர் பயனடைந்தனர்."

பலர் என்றால் எத்தனை பேர்? ஏராளமானோர் என்றால் எவரெவர்?

அடியாரைத் தொகுத்து எண்ணுவது நம் சமயத்திற்குப் புதிதன்று. சுந்தரமூர்த்தி நாயனார் அருளிய திருத்தொண்டத் தொகை, பெயரிலேயே "தொகை" என்னும் சொல்லைத் தாங்கி நிற்கிறது. அதில் தனியடியார் 60 பேரும் தொகையடியார் ஒன்பது கூட்டத்தினரும் போற்றப்பெறுகின்றனர். சுந்தரரையும் அவர்தம் பெற்றோரையும் சேர்த்தே நாயன்மார் 63 பேர் என்கிறோம். பின்னர் வந்த சேக்கிழார் பெருமான், ஒவ்வோர் அடியாரும் எந்த ஊரினர், எம்மரபினர், எத்தொண்டு புரிந்தவர் என்பதை விரித்துரைத்தார். அவ்விவரங்கள் இருப்பதனாலன்றோ, குயவரும் வேடரும் வண்ணாரும் வணிகரும் அரசரும் ஒரே வரிசையில் நின்றனர் என்று இன்று நாம் பெருமையுடன் கூறுகிறோம்? அறுபத்து மூவருள் மகளிர் மூவரே என்பதையும் அத்தொகையே நமக்குக் காட்டுகிறது.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளும் இதற்குச் சான்று பகர்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் பணியாற்றிய தளிச்சேரிப் பெண்டிர் 400 பேரின் பெயரும், அவர்கள் எந்தத் தளியிலிருந்து வந்தவர், எத்தெருவில் எத்தனையாவது மனையில் குடியிருந்தவர் என்பதும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, ஆலயத்தைச் சார்ந்த ஆதுலசாலையில் நோயாளிகளுக்கு 15 கட்டில்கள், மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவர் ஒருவர், பணிமகளிர் இருவர் என வகுத்துரைக்கிறது. சேவை செய்வோரும் சேவை பெறுவோரும் ஒரே கல்லில் இடம்பெற்றுள்ளமை கருதத்தக்கது.

இன்று சிங்கப்பூரில் இத்தகைய கணக்கின் தேவை முன்னினும் மிகுந்துள்ளது. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், குடியிருப்பாளர்களுள் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 9.0 விழுக்காட்டினர். 2020ஆம் ஆண்டில் அது 15.2 விழுக்காடாக உயர்ந்தது. இம்முதுமை, உதவி பெறுவோரை மட்டுமன்று, உதவி செய்வோரையும் தொடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஓர் ஆலயத்தில் திருவிழாவன்று 300 தொண்டூழியர் ஆளுக்கு 6 மணி நேரம் பணியாற்றுகின்றனர் எனக் கொள்வோம். அது 1,800 மணி நேரத் தொண்டு. அதே ஆலயத்தில் வாரந்தோறும் 12 பேர் அடுக்களையில் மூன்று மணி நேரம் உழைக்கின்றனர். ஆண்டில் 50 வாரங்களுக்கு அதுவும் 1,800 மணி நேரமே. முன்னூறு பேர் சுமந்த பாரத்தைப் பன்னிருவர் சந்தடியின்றிச் சுமக்கின்றனர். "தொண்டூழியர் 312 பேர்" என்று மட்டும் எழுதினால் இவ்வுண்மை மறைந்துபோகும். அப்பன்னிருவரும் அறுபதைக் கடந்தவர்கள் என்பது வயதுவாரியாக எழுதினால்தான் புலப்படும். இன்று இளையரைப் பழக்காவிடில், பத்தாண்டுகளில் அவ்வடுக்களையின் அடுப்பு அணைந்துவிடும் என்பது அந்த ஏட்டைப் பார்த்த மாத்திரத்தில் விளங்கும்.

பயனாளிகள் கணக்கிலும் ஒரு மயக்கம் உண்டு. வாரந்தோறும் 100 உணவுப் பொட்டலம் வழங்கினால் ஆண்டில் 5,200 பொட்டலங்கள் ஆகும். பெற்றுக்கொண்டவர்கள் அதே நூறு பேராயின், பயனாளிகள் நூறு பேரேயன்றி 5,200 பேர் அல்லர். இரண்டையும் தனித்தனியே குறிப்பதே நேர்மை. அந்நூறு பேருள் தனித்து வாழும் மூதாட்டியர் எத்தனை பேர், எந்த வட்டாரத்தினர் என்று பார்த்தால், நடக்க இயலாமல் வீட்டிலேயே முடங்கிக் கிடப்பவர் ஒருவரேனும் பட்டியலில் இல்லை என்பது தெரியவரலாம். வந்தவரை எண்ணுவதன் உண்மையான பயன், வராதவரைக் கண்டறிவதே.

ஆயினும், எண்ணுதல் என்பது பசித்து வந்தவரை விசாரிப்பதாக ஆகிவிடலாகாது. நள்ளிரவில் மழையில் நனைந்து வந்த அடியாரை இளையான்குடி மாறனார் யார், எவர் என்று துருவவில்லை. விதைத்த நெல்லையே வாரிவந்து அமுது படைத்தார். அன்னதானக் கூடத்தில் இலை எண்ணிக்கை ஒன்றே போதும். அங்கே படிவம் நீட்டுவது அறமாகாது. துணைப்பாட வகுப்பு, மளிகைப் பொருள் உதவி, முதியோர் இல்லச் சந்திப்பு போன்ற தொடர் பணிகளுக்குப் பெயர் பதியும்பொழுது மட்டும், வயதுப் பிரிவு, ஆண் பெண், வட்டாரம், வீட்டில் பேசும் மொழி ஆகியவற்றைக் கனிவுடன் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். "கூற விரும்பவில்லை" என்னும் கட்டமும் படிவத்தில் இருத்தல் வேண்டும். விடை தராதவருக்கும் உதவியில் ஒரு பிடி குறையலாகாது.

சட்டமும் இவ்வழியையே காட்டுகிறது. சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, அதன் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்புக்கு வந்தன. சட்டம் கோரும் தருணங்கள் போன்ற சிலவற்றைத் தவிர, அடையாள அட்டை எண்ணைப் பொதுவாகப் பெறலாகாது என்னும் நெறிமுறை 2019 செப்டம்பர் 1 முதல் வலுப்பெற்றது. ஆகவே தேவையானதை மட்டும் கேட்பதும், கேட்டதைப் பூட்டிக் காப்பதும், பணி முடிந்தபின் அழிப்பதும் நிர்வாகக் குழுவின் கடமையாகும்.

அறிக்கையில் வெளியிடும்பொழுது தொகையை மட்டுமே வெளியிட வேண்டும். அதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. "85 வயதைக் கடந்த ஆடவர்: 1" என்று அச்சிட்டால், அப்பெரியவர் இன்னார் என்பதை வட்டாரமே அறிந்துகொள்ளும். இத்தகைய சிறு எண்களை அடுத்த பிரிவோடு இணைத்து எழுதுவதே பண்பு. உதவி பெற்றவரின் நிழற்படத்தை மலரில் வெளியிடுவதைவிட, நேர்மையான ஓர் அட்டவணை நன்கொடையாளர்க்கு மிகுதியான நம்பிக்கையை அளிக்கும்.

ஆலயப் புரவலர்களே! அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவைக் கேட்கும் உரிமையோடு, இவ்விரு தொகைகளையும் கேளுங்கள். தொண்டூழியப் பெருமக்களே! வருகைப் பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதுவதை விளம்பரம் என்று எண்ணி ஒதுங்காதீர்கள். நாளை உங்கள் கரண்டியை வாங்கிக்கொள்ள ஓர் இளைய கை வர வேண்டும் எனில், இன்று அதைப் பிடித்திருக்கும் கை எத்தனை வயதுடையது என்பது ஏட்டில் இருந்தாக வேண்டும்.