கதவைத் தட்டும் ஜேசன்

கிரேக்கத் துன்பியல் நாடகத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் கொண்டுபோகும்போது விதி, தெய்வங்களின் வம்சாவளி, அரிஸ்டாட்டிலின் இலக்கணம் என்றே பெரும்பாலும் தொடங்குகிறோம். பாதி வகுப்பு அங்கேயே கைநழுவிவிடுகிறது. மேடைப் பொறிகளிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

ஏதென்ஸில் அக்ரோபொலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் டயோனிசஸ் அரங்கம் இருந்தது. திறந்தவெளி, பகல் வெளிச்சம், முகமூடி அணிந்த ஆண் நடிகர்கள். கொலையை அநேகமாகக் கண்முன் காட்டமாட்டார்கள். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அலறல் கேட்கும். பிறகு கதவு திறக்க, சக்கரம் வைத்த தாழ்வான மேடை உடல்களைச் சுமந்தபடி வெளியே உருண்டு வரும். இதற்கு எக்கிக்ளேமா என்று பெயர். ஒன்றுகூட இன்று எஞ்சவில்லை. நாடகப் பிரதிகளும் பிற்காலக் குறிப்புகளுமே சாட்சி. கி.மு. 425இல் அரிஸ்டோஃபனிஸ் தம் நகைச்சுவை நாடகத்தில் துன்பியல் கவிஞர் யூரிப்பிடிஸையே இதில் உருட்டிக் கொண்டுவந்து கேலி செய்தார் என்றால், ஊரே அறிந்த உத்தியாகத்தான் இருந்திருக்க வேண்டும். இன்னொரு பொறி மெக்கானே. தெய்வங்களை அந்தரத்தில் தூக்கிக் காட்டும் பாரந்தூக்கி.

இரண்டையும் சொன்னபின் யூரிப்பிடிஸின் 'மெடியா'வுக்கு வாருங்கள். கைவிட்டுப் போன கணவன் ஜேசனைப் பழிவாங்க, மெடியா தன் பிள்ளைகளையே கொல்கிறாள். வகுப்பறைக் கதவே மெடியாவின் வீட்டுக் கதவு. உள்ளே பிள்ளைகள் கத்துகிறார்கள். வெளியே நிற்கும் கொரிந்து நகரப் பெண்கள், அதாவது கோரஸ், உள்ளே போவதா வேண்டாமா என்று தயங்கி நின்றே விடுகிறார்கள். வகுப்பு முழுவதையும் அந்தக் கோரஸாக நிறுத்துங்கள். ஏன் நகரவில்லை என்று கேளுங்கள். நாடகத்தின் வலி முழுக்க அந்தத் தயக்கத்தில் இருக்கிறது என்பேன், அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள்.

அடுத்து ஜேசன் ஓடிவந்து கதவைத் திறக்கச் சொல்கிறான். என்ன வெளியே வரும்? எக்கிக்ளேமாவை அறிந்த பிள்ளைகள் சட்டென்று பதில் சொல்வார்கள். ஆனால் கதவு திறப்பதில்லை. தலைக்கு மேலே, சூரியதேவன் தந்த ரதத்தில், பிள்ளைகளின் உடல்களோடு மெடியா தோன்றுகிறாள். தெய்வத்துக்குரிய உயரத்தில் ஒரு கொலைகாரி; அவனால் எட்டித் தொடக்கூட முடியாது.

இந்த முடிவு அரிஸ்டாட்டிலுக்குப் பிடிக்கவில்லை. சிக்கல் கதைக்குள்ளிருந்தே அவிழ வேண்டும், பொறியால் அல்ல என்றார். இந்த நாடகம் மேடையேறிய கி.மு. 431ஆம் ஆண்டு நாடகப் போட்டியில் மூன்று கவிஞர்களுள் யூரிப்பிடிஸுக்குக் கிடைத்தது மூன்றாமிடம். அரிஸ்டாட்டிலோடும் நடுவர்களோடும் பிள்ளைகள் ஆசைதீரச் சண்டை போடட்டும். அதற்குப் பிறகு, செவிலித்தாயின் புலம்பலோடு தொடங்கும் முதல் பக்கத்தைத் திறக்கலாம்.