வீடும் மாடும் காவலும்
(இரண்டாமாண்டு விலங்கியல் மாணவர் ஒருவர்)

நெடுநாள் வெளியூர் செல்பவர்க்கு வழிச்செலவினும் பெரிய கவலை ஒன்றுண்டு. விட்டுச் செல்லும் வீட்டை யார் பார்ப்பது என்பதே அது. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக் கொள்ளலாம். திண்ணையில் படுத்திருக்கும் நாயையும், வேளை தவறினால் குரல் கொடுக்கும் பசுவையும் எந்தப் பூட்டால் பூட்டுவது?

நகரத்தார்க்கு இது புதிய சிக்கலாகத் தோன்றலாம். எங்கள் பாகூர்ப் பகுதியில் இது பழைய கதை. 1956இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி, புதுவை மக்களுள் விரும்பியவர் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக் கொள்ள வழி இருந்தது. அவ்வாறு வைத்துக் கொண்டோரின் பிள்ளைகளும் பேரர்களும் பலர் இன்று பிரான்சில் வாழ்கின்றனர். 'சொல்தா வீடு' என்று ஊரார் அழைக்கும் வீடுகளில் இருக்கும் முதியவர்கள் பிள்ளைகளைக் காண மூன்று மாதம், நான்கு மாதம் என்று கடல் கடந்து போய்விடுவார்கள். அந்த மாதங்களில் வாசல் தெளிப்பதும், கோலம் போடுவதும், மொட்டைமாடித் தூம்பில் அடைத்த சருகை எடுப்பதும், விலங்குகளைப் பேணுவதும் பக்கத்துத் தெருப் பெண்களின் வேலை. என் தாயார் அவர்களுள் ஒருவர். கோலம் என்ன அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். நான்கு நாள் கோலமில்லாத வாசல், வீட்டில் ஆளில்லை என்பதைத் திருடனுக்குச் சொல்லும் விளம்பரப் பலகை அன்றோ!

பிரான்சிலும் இக்கவலை உண்டு. விடுமுறைக்குச் செல்பவர் காவல் நிலையத்தில் தெரிவித்துவிட்டால் அவ்வீட்டைக் காவலர் சுற்றிப் பார்க்கும் திட்டம் அங்கே 1974 முதல் நடக்கிறது. வெளியூர் போகுமுன் தகவல் தருமாறு நம் பக்கத்துக் காவல்துறையினரும் பண்டிகைக் காலங்களில் கேட்டுக் கொள்கின்றனர். ஆனால், ரோந்து வரும் காவலர் பால் கறக்க மாட்டார்.

பால் கறப்பது என்றதும் எங்கள் பாடத்திற்கு வருகிறேன். பசு பாலை இறக்குவது ஆக்சிடோசின் என்னும் இயக்குநீரால். பழகிய கை, பழகிய குரல், கன்றின் முட்டல் இவை அதனைத் தூண்டும். அயலார் கை பட்டு மாடு மிரண்டால் அட்ரினலின் சுரந்து, பால் இறங்குவதைத் தடுத்துவிடும். மடியில் பால் தங்கினால் அளவு நாளுக்கு நாள் குறையும், மடிநோயும் வரக்கூடும். ஆதலால் வீட்டுக்காரர் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே, பார்த்துக் கொள்ளப் போகிறவர் கூடவே இருந்து கறந்து பழகுதல் வேண்டும். நாய்க்கும் இதே முறைதான். புதிய கையிலிருந்து சோற்றை வாங்காமல் இரண்டு நாள் வாசலையே பார்த்துக் கிடக்கும் நாய்களை நான் கண்டிருக்கிறேன். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சீட்டைக் கையில் கொடுத்துச் செல்வது மிகவும் தேவை. கடிபடப் போவது பார்த்துக் கொள்பவர்தாமே.

இனிக் கூலிக்கு வருவோம். "பால் உனக்கு, மாட்டைப் பார்த்துக்கோ" என்பதே எங்கள் பக்கத்து வழக்கம். கேட்க இனிமையாக இருக்கிறது. பால் வற்றினால் கூலியும் வற்றிவிடும் என்பதை யாரும் சொல்வதில்லை. தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் அப்புறம் யார் பணம்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அது வடியுமுன் டிசம்பர் 2இல் சாத்தனூர் அணையிலிருந்து ஏறத்தாழ 1,68,000 கனஅடி நீர் திறக்கப்பட, தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. அப்போது என் தாயார் பொறுப்பில் ஒரு வீடு இருந்தது. பசு ஒன்று, கன்று ஒன்று, நாய் ஒன்று. இடுப்பளவு நீரில் பசுவை மேட்டுக்கு ஓட்டினார். நாயைத் தோளில் போட்டு வந்தார். மழையில் நனைந்து விறைத்திருந்த கன்று மூன்றாம் நாள் இறந்தது. திரும்பி வந்த வீட்டுக்கார அம்மையார் கன்றின் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். "பெரியம்மா, தண்ணிய நான் தடுக்க முடியுமா?" என்று ஒருமுறை கேட்டதோடு என் தாயார் நிறுத்திக் கொண்டார். நாளைக்கும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டுமே!

நான் நிறுத்தவில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். பிறர் பொருளை ஒப்புக்கொண்டவர், அறிவுள்ள சாதாரண மனிதர் தம் சொந்தப் பொருளைப் பேணுமளவுக்குப் பேணினால் போதும் என்கிறது 151ஆம் பிரிவு. அவ்வாறு பேணியும் அழிந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை என்கிறது 152. கூலியின்றிப் பேணுபவர் செய்த தேவையான செலவை உடையவர் திருப்பித் தர வேண்டும் என்பது 158. 163ஆம் பிரிவுக்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு ஒரு பசுதான்: ஒப்படைத்த பசு கன்று ஈன்றால் கன்றையும் சேர்த்துத் திருப்பித் தரவேண்டும்.

இதைப் படித்தபோது சோழர் காலக் கல்வெட்டுகள் நினைவுக்கு வந்தன. கோயிலில் ஒரு நந்தா விளக்கெரிக்க 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் அதற்கு ஈடாக 48 பசு, அல்லது 16 எருமை. நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவற்றுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாமலா இருக்கும்? சாவு இடையர் கணக்கு. குட்டிகளும் இடையர் கணக்கு. இழப்பைச் சுமந்தவர் பெருக்கத்தையும் பெற்றார். எங்கள் வழக்கிலோ கன்று பிறந்தால் வீட்டுக்காரருக்கு, இறந்தால் என் தாயாருக்கு. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய இடையரின் பேரம் இதைவிட மேல் என்றே எனக்குப் படுகிறது.

வீட்டுக்காரர் பக்கமும் ஓர் அச்சம் உண்டு. குடிவைத்த ஆள் வீட்டையே பிடித்துக் கொள்வாரோ என்பது. கோவாவில் எழுந்த ஒரு வழக்கில் 2012இல் உச்சநீதிமன்றம் இதற்கு விடை கூறிவிட்டது. காவலரோ பராமரிப்பவரோ எத்தனை ஆண்டு தங்கினாலும் அவ்வீட்டில் உரிமை பெறார். எனவே எழுதிக் கொடுத்தால் வீடு போய்விடும் என்று நடுங்கத் தேவையில்லை.

சென்ற முறை அவ்வம்மையார் புறப்பட்டபோது நான் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு போனேன். மாதக் கூலி இவ்வளவு, பால் அதற்கு அப்பாற்பட்டது; தீவனப் பணம் முன்கூட்டியே; மாட்டு மருத்துவரின் தொலைபேசி எண்; உள்ளறைச் சாவி உறவினரிடம்; வெள்ளம், நோய் இவற்றால் விலங்கு இறந்தால் பொறுப்பில்லை. அம்மையார் கண்ணாடியைத் துடைத்து இருமுறை படித்தார். "ஏண்டா, நாம என்ன அந்நியமா?" என்றார். பிறகு கூலியை மட்டும் இருநூறு ரூபாய் குறைத்துத் திருத்திவிட்டு, பிரெஞ்சு எழுத்தில் கையொப்பமிட்டார். என் தாயார் அதன் கீழே தமிழில் தம் பெயரை எழுதினார்.