கன்டரா, எல்ஃபா? கணக்குப் பார்த்து வாங்குவோம்

நெளுக்குளத்தில் நெல், அரிசி ஏற்றும் தம்பி ஒருவர் சென்ற வாரம் என் கடைக்கு வந்தார். "முதலாளி, அம்மாட நகையை அடகு வைச்சு லொறி எடுக்கப் போறன். கன்டர் நல்லதா, எல்ஃப் நல்லதா?" என்று கேட்டார். நம் வியாபாரிகள் பலருக்கும் இதே கேள்வி உண்டு என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய லொறிகளின் விலை ஏறியது. 2025இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டாலும் புதியது வாங்க எல்லோராலும் முடியாது. ஆகவே பழையதைப் பற்றியே பேசுவோம்.

மிட்சுபிஷி கன்டரின் 4டி33 இயந்திரம் 4214 சிசி. இசுசு எல்ஃபின் 4எச்எஃப்1 இயந்திரம் 4334 சிசி. இரண்டிலும் டைமிங் பெல்ட் கிடையாது, பற்சக்கரம்தான். கன்டரில் கேம்ஷாஃப்ட் புளொக்கினுள்ளேயும், எல்ஃபில் மேலே ஹெட்டிலும் இருக்கிறது. ஆகவே எல்ஃபின் ஹெட்டில் கைவைக்கப் பழகிய பாஸ் வேண்டும். பின்னாளில் வந்த கொமன் ரெயில் வகைகள் சிக்கனமானவை. ஆனால் டீசலில் தண்ணீர் கலந்தால் இன்ஜெக்டர் செலவு கையைக் கடிக்கும்.

பெயரை விட ஓட்டக் கணக்கே முக்கியம். வவுனியாவிலிருந்து கொழும்பு போய்வர ஏறத்தாழ 500 கிலோமீற்றர். லீற்றருக்கு 7 கிலோமீற்றர் ஓடும் லொறிக்கு 71 லீற்றர் போதும். 6 ஓடினால் 83 தேவை. மாதம் எட்டுப் பயணத்தில் வித்தியாசம் சுமார் 95 லீற்றர். தவணைக் காசில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும்.

அடுத்தது சுமை. வாகனப் புத்தகத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழியுங்கள். மூன்று தொன் வந்தால் 50 கிலோ மூட்டை அறுபதுதான். எண்பது ஏற்றிய லொறியின் செசி வெடித்திருக்கும். மேலே பூசிய புது வர்ணம் அதை மறைக்கும். கராஜ் பாஸைக் கூட்டிப்போய், கீழே படுத்துப் பாருங்கள்.

தம்பியிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "திரும்பி வரும்போது சுமை இருக்கா?" அவரிடம் பதில் இல்லை. "அப்ப நகையை இப்ப அடகு வைக்காதீங்க. மூன்று மாதம் கூலி லொறியில் ஓடி, வரும் சுமைக்கு ஆள் பிடியுங்க" என்றேன்.

வட்டிக்குப் பயப்படும் நம்மவர்கள் இஜாரா முறையை விசாரிக்கலாம். அதில் வங்கி லொறியை வாங்கி நமக்கு வாடகைக்குத் தருகிறது. ஆனால் சுமையில்லாத லொறியை எந்த முறையில் எடுத்தாலும் நட்டம் நட்டம்தான். கணக்கும் நேர்மையும் உள்ள தொழிலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.