வில் பிடிக்கச் சொல்லித் தரும் கைகள்!

'வயலின் கத்துக்கணும்னு ஆசை. ஆனா, வாங்கக் காசு?' ஸ்ரீமுஷ்ணமோ சென்னையோ, இந்தக் கேள்வியிலேயே பல ஆசைகள் படுத்துடும் ஃப்ரெண்ட்ஸ்!

சென்னையில் இதுக்கு ஒரு பதில் இருக்கு. ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரியின் 'சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா'. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ்னு தந்தி வாத்தியங்களை இலவசமாகச் சொல்லித் தர்றாங்க.

இங்கே வாத்தியார் வேலை லேசுப்பட்டதில்லை. ஹார்மோனியம் மாதிரி வயலின்ல கட்டை கிடையாது. விரல் ஒரு நூல் நகர்ந்தாலும் ஸ்வரம் தப்பிடும். முதல் சில மாசம் வர்றது வெறும் 'க்ரீச்'தான். அந்த மாசங்கள்ல பிள்ளை வில்லைக் கீழே வெச்சிடாம பார்த்துக்கிறவர்தான் நிஜமான வாத்தியார்! அப்புறம், பக்கத்துப் பிள்ளையின் வாசிப்பைக் கேட்டு வாசிக்கப் பழக்கணும். ஆர்கெஸ்ட்ராவில் தனி ஹீரோயிசம் எடுபடாதே!

1975-ல் வெனிசுலாவில் ஹோசே அன்டோனியோ அப்ரேயு ஆரம்பித்த 'எல் சிஸ்டமா'வும் இதே ரூட்தான். அங்கே கொஞ்சம் கத்துக்கிட்ட பிள்ளையே அடுத்த பிள்ளைக்கு டீச்சர்! அப்படி வளர்ந்த குஸ்தாவோ டுடாமெல், 2009-ல் லாஸ் ஏஞ்சலீஸ் ஃபில்ஹார்மோனிக்கின் மியூசிக் டைரக்டர் ஆனார்.

நம்ம பக்கமும் குறைச்சல் இல்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத் துறை, கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி... ரெண்டிலும் வயலின் உண்டு. அங்கே படிக்கிற நண்பர்களே, லீவுக்கு ஊருக்குப் போறப்ப வயலினையும் தூக்கிட்டுப் போங்க. நம்ம தெருவிலும் நாலு 'க்ரீச்' கேட்கட்டுமே!