கழிவுநீர்க் கசடின் பசைப்பொருளும் நுண்ணோக்கியும்

முன்னுரை

சோழவந்தானின் வயல்களையும் வெற்றிலைக் கொடிக்கால்களையும் அடுத்து ஓடி மதுரைக்குள் நுழையும் வைகையில் ஆண்டின் பல மாதங்கள் நீரோட்டம் குன்றியே காணப்படுகிறது. ஓட்டம் குன்றிய ஆற்றில் சேரும் கழிவுநீர் நீர்த்துப்போக வழியில்லை. ஆதலின் சுத்திகரிப்பின் தரமே ஆற்றுநீரின் தரமாகிறது. அத்தரத்தில் நுண்ணுயிரிகள் சுரக்கும் பசைப்பொருளுக்குப் பெரும்பங்கு உண்டு. அதனை நுண்ணோக்கியால் ஆராயும் முறைகளையும் அவற்றின் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பசைப்பொருளின் பணி

கிளர்வூட்டிய கசடு முறையை 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் அறிவித்தனர். இம்முறையில், காற்றூட்டிய தொட்டியில் பாக்டீரியாக்கள் மாசை உண்டு பெருகித் திரள்களாகின்றன. பல்சர்க்கரை, புரதம், நியூக்ளிக் அமிலம் முதலியன அடங்கிய செல்புறப் பலபடிப் பொருள்கள் அவற்றைப் பிணைக்கின்றன. பிணைப்புக் குறைந்தால் திரள் சிதறி வெளியேறும் நீர் கலங்கும். பல்சர்க்கரை மிகுந்தால் கசடு நீரைப் பற்றிக்கொண்டு படியாமல் உப்பும்.

நோக்கும் முறைகள்

இவற்றுள் எளியது இந்திய மை ஆய்வு. கசடுத்துளியுடன் மையைக் கலந்து, கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியில் 1000 மடங்கு உருப்பெருக்கி நோக்குவர். மையின் கரித்துகள்கள் திரளினுள் ஆழப் புகுந்திருப்பின் நிலை இயல்பானது. துகள் புகாத வெண்பரப்பு விரிந்திருப்பின் பசை மிகுந்துள்ளது. ஆலைக் கழிவுநீரில் நைட்ரஜன், பாஸ்பரஸ் பற்றாக்குறை இதற்குப் பொதுவான காரணமாகும்.

ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி திரளின் மேற்பரப்பை நுட்பமாகக் காட்டும். எனினும் வழக்கமான முறையில் மாதிரியை உலர்த்தியாக வேண்டும். பசைப்பொருளின் பெரும்பகுதி நீரே என்பதால், உலர்ந்ததும் அது சுருங்கி இழைகளாகத் தோன்றும். அவ்விழை வலையை இயற்கை அமைப்பெனக் கொள்வது பிழையாகும்.

கான்ஃபோகல் லேசர் நுண்ணோக்கியில் ஈரமான திரளையே அடுக்கடுக்காகக் காணலாம். ஒளிர்சாயம் ஏற்றிய கான்கனவாலின்-ஏ எனும் லெக்டின் மானோஸ், குளுக்கோஸ் அலகுகளைப் பற்றி ஒளிரச் செய்கிறது. ஆனால், ஒவ்வொரு லெக்டினும் தனக்குரிய சர்க்கரையையே பற்றும். ஆகவே, ஒளிராத இடத்தில் பசையே இல்லை எனல் பொருந்தாது.

முடிவுரை

ஒரு படம் மட்டும் சான்றாகாது. படிமத்துடன் 30 நிமிடப் படிதல் ஆய்வையும் இணைத்து நோக்குதல் வேண்டும். படிந்த கசடு கிராமுக்கு 150 மில்லிலிட்டரைக் கடப்பின் அது உப்பலின் அறிகுறியாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. விலையுயர்ந்த கருவி இல்லாத கல்லூரி ஆய்வகத்திலும் மை ஆய்வும் படிதல் ஆய்வும் இயலும். மாதிரி எடுத்த நேரம், உலர்த்திய முறை, சாயத்தின் பெயர் ஆகியவற்றைப் பதிவுசெய்தால்தான் ஓரிடத்து முடிவை மற்றோரிடத்து முடிவோடு ஒப்பிட இயலும்.