இருட்டறையில் ஒரு முத்தம்

ரஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ் 1887இல் எழுதிய 'முத்தம்' என்ற சிறுகதையை உயர்தர வகுப்பில் நான் வாசித்துக் காட்டுவதுண்டு. பீரங்கிப் படை அதிகாரி ரியாபோவிச் பெண்களோடு பேசிப் பழகாத கூச்சக்காரன். ஜெனரல் ஒருவரின் வீட்டு விருந்தில் வழிதவறி இருட்டறையொன்றில் நுழைகிறான். யாரோ ஒரு பெண் கட்டியணைத்து முத்தமிடுகிறாள். ஆள் மாறியதை உணர்ந்து மெல்லக் கூவி விலகுகிறாள்.

முத்தம் இன்னொருவனுக்கு உரியதென்பது அவனுக்குத் தெரியாமலில்லை. (பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.) தெரிந்துகொண்டே, விருந்தில் கண்ட ஒருத்தியின் தோள், இன்னொருத்தியின் நெற்றி, வேறொருத்தியின் கண்கள் எனச் சேர்த்து ஒரு காதலியை உண்டாக்குகிறான். விடியும்வரை சொல்லலாமென்று நினைத்த கதையைத் தோழர்களிடம் சொன்னால், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது! அவனுடைய தனிமையை இதைவிட எப்படி அளந்து காட்டுவது?

கோடை முடிவில் படை அவ்வூருக்குத் திரும்புகிறது. இரவில் ஆற்றங்கரையில் தனியே நிற்கையில் கனவெல்லாம் அவனுக்கு வெறுமையாகத் தோன்றுகிறது. இருப்பிடம் வந்தால், ஜெனரலின் அழைப்பு காத்திருக்கிறது. அவன் போகாமல் படுத்துக்கொள்கிறான்.

"ஏன் சேர் போகவில்லை?" என்று ஒரு மாணவி கேட்டாள். விதியோடு கோபம் என்கிறார் செக்கோவ். எனக்கோ, அவன் பயந்துவிட்டான் என்றே படுகிறது. அங்கே இருப்பவர்கள் உண்மையான பெண்கள் அல்லவா?