வளையத்தை மூடும் கேபிள்

டீ வரட்டும், அதற்குள் தொடங்கிவிடலாம். ஓர் அலுவலகத்தில் நூற்றைம்பது பேர் வேலை செய்கிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்கொரு கம்ப்யூட்டர், மேசைக்கொரு போன், நடுநடுவே பிரின்டர், கேமரா, வைஃபை பெட்டி. இவற்றையெல்லாம் இணைக்கும் ஸ்விட்சில், பெரியதாக வாங்கினாலும் பொதுவாக 48 போர்ட்தான். ஆகவே ரேக்கில் பல ஸ்விட்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுகிறோம். ஒன்றின் முன்பக்க போர்ட்டிலிருந்து அடுத்ததற்குச் சாதாரண கேபிளைச் செருகினாலும் வேலை நடக்கும். ஆனால் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகும் எல்லாமே அந்த ஒரே 1 ஜிகாபிட் கம்பியில் நெருக்கியடித்துக்கொண்டு போகவேண்டும். பெட்டிக்கொரு ஐ.பி. முகவரி, பெட்டிக்கொரு கான்ஃபிகரேஷன் என்று பராமரிப்பு வேலையும் கூடும்.

இதற்கு வழியாக வந்ததுதான் ஸ்டாக்கிங். பலரும் அறிந்த உதாரணம், 2003-இல் சிஸ்கோ கொண்டுவந்த கேட்டலிஸ்ட் 3750. அதன் பின்பக்கத்தில் ஸ்டாக்குக்கென்றே இரண்டு தனி சாக்கெட்டுகள் உண்டு. அவற்றின் வழியாக 9 ஸ்விட்சுகள் வரை இணைத்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே ஸ்விட்ச். ஒரே முகவரி, ஒரே கான்ஃபிகரேஷன். அவற்றில் ஒன்று தலைமை ஏற்கும்; அது போனால் வேறொன்று எழுந்து நிற்கும்.

ஒவ்வொரு ஸ்விட்சிலும் இரண்டு சாக்கெட்டுகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. முதல் ஸ்விட்சிலிருந்து இரண்டாவதற்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு என்று போய், கடைசி ஸ்விட்சிலிருந்து மீண்டும் முதலாவதற்கே வரவேண்டும். அதாவது வளையம். 3750-இல் விநாடிக்கு 16 ஜிகாபிட் வேகத்தில் இரண்டு பாதைகள் எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன. விளம்பரத்தில் சொல்லும் 32 அப்படி வந்ததுதான். அந்த முதல் வடிவத்தில் ஒரு பாக்கெட் போய்ச் சேரவேண்டிய ஸ்விட்சை அடைந்த பிறகும் வளையம் முழுதும் சுற்றி, அனுப்பிய ஸ்விட்சிடமே திரும்பும். அதுதான் பாக்கெட்டை வளையத்திலிருந்து எடுக்கும். பின்னால் வந்த 3750-இ வகையில் சேருமிடத்திலேயே எடுத்துவிடுகிறார்கள். மீதிப் பாதை அடுத்த பாக்கெட்டுக்குக் காலியாகிறது. கேட்டலிஸ்ட் 3850-இன் 480 ஜிகாபிட்டும் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்வதுதான். வளையத்தின் சொந்த வேகம் 240. விற்பனைத் தாளில் உள்ள எண்ணைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வளையத்தில் ஒரு கேபிள் கழன்றால் இரண்டு முனைகளும் போக்குவரத்தை வந்த வழியே திருப்பிவிடும். வேகம் பாதியாகும், ஆனால் எதுவும் நிற்காது. ஊரைச் சுற்றும் வட்டச்சாலையில் ஓரிடத்தை அடைத்தால் எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போகிறோமே, அப்படித்தான். கடைசி கேபிளே போடவில்லை என்றால்? முதல் நாளிலிருந்தே பாதி வேகம்தான். அதற்கு மேல் இன்னொரு கேபிளும் கழன்றால் ஸ்டாக் இரண்டு துண்டாகும். இரண்டு துண்டிலும் இருப்பது ஒரே கான்ஃபிகரேஷன், ஒரே ஐ.பி. முகவரி. ஒவ்வொன்றும் தன்னையே முழு ஸ்டாக் என்று நம்பும். பிறகு நெட்வொர்க்கில் நடக்கும் குழப்பத்தின் மூலம் எங்கே என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

கடைசி கேபிளை ஏன் விட்டுவிடுகிறார்கள்? பெரும்பாலும் நீளம்தான் காரணம். ஸ்விட்சோடு வழக்கமாக வருவது அரை மீட்டர் கேபிள். நடுவில் பேட்ச் பேனல்கள் வந்துவிட்டால் மேலிருந்து கீழ் வரை அது எட்டாது. ஒரு மீட்டரிலும் மூன்று மீட்டரிலும் கேபிள் கிடைக்கிறது. வாங்க முடியாவிட்டாலும் வழி இருக்கிறது. ஐந்து ஸ்விட்ச் என்றால் 1-ஐ 3-உடன், 3-ஐ 5-உடன், 5-ஐ 4-உடன், 4-ஐ 2-உடன், 2-ஐ 1-உடன் இணையுங்கள். எந்தக் கேபிளும் இரண்டு இடத்துக்கு மேல் தாண்டவில்லை, வளையமும் மூடிவிட்டது. எளிமையான, அழகான ஏற்பாடு இது.

இந்தக் கேபிள் ஏன் இவ்வளவு தடிமன், ஏன் இவ்வளவு குட்டை என்று கேட்பீர்கள். உள்ளே கம்பிகள் இரண்டிரண்டாகப் போகின்றன. ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் சிக்னல்; வெளி இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறுவதால் கழிந்துவிடும். அதற்கு மேல் உலோகக் கவசமும் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் இந்த வேகத்தில் செம்புக் கம்பியில் சிக்னல் சீக்கிரம் தேய்ந்துவிடும், அதனால்தான் நீளத்தில் கஞ்சத்தனம். தடித்த கேபிளின் கனம் கனெக்டரைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். பக்கத்திலுள்ள இரண்டு திருகுகள் அதைத் தாங்கத்தான். சாக்கெட்டில் நேராக, முழுதாக அழுத்தி, இரண்டையும் கையாலேயே சமமாக முடுக்குங்கள். ஒன்றை மட்டும் முடுக்கினால் கனெக்டர் சாய்ந்து நிற்கும். இணைப்பு வந்து வந்து போகும். கூர்மையாக மடக்கிக் கட்டவும் வேண்டாம்.

வகையைப் பார்க்காமல் ஒரு மாடலின் கேபிளை இன்னொன்றுக்கு எடுக்காதீர்கள். சிஸ்கோவிலேயே 3850-க்கும் 9300-க்கும் டி1, 3650-க்கு டி2, 9300எல்-க்கு டி3, 9200-க்கு டி4. டி-லிங்கின் டிஜிஎஸ்-3100 ஹெச்.டி.எம்.ஐ. வடிவத்திலும், டெல்லின் என்2000 மினி-சாஸ் வடிவத்திலும் ஸ்டாக் போர்ட் வைத்திருந்தன. டி-லிங்கில் வடிவம் டிவி கேபிளுடையது, உள்ளே ஓடுவது வேறு. அரூபா 2930எஃப் போன்றவை முன்பக்கத்து எஸ்.எஃப்.பி. பிளஸ் போர்ட்டுகளையே ஸ்டாக்குக்குப் பயன்படுத்துகின்றன. எனக்கு இந்த வழி பிடிக்கும், ஏனென்றால் ஃபைபர் போட்டால் வேறு மாடியிலுள்ள ஸ்விட்சையும் சேர்க்கலாம். ஆனால் இரண்டு நல்ல போர்ட்டுகளை இழக்கவேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாக்கில் புது ஸ்விட்சைச் சேர்க்கும்போது அதை அணைத்துவைத்துக் கேபிளை மாட்டுங்கள், பிறகு மின்சாரம் கொடுங்கள். ஓடும் இரண்டைச் சேர்த்தால் தலைமைத் தேர்தல் நடந்து, தோற்ற பக்கம் மொத்தமாக ரீபூட் ஆகும். வேலை நேரத்தில் அது நடக்கவே கூடாது.

உங்கள் அலுவலகத்தில் கேட்டலிஸ்ட் ஸ்டாக் இருந்தால் நாளைக்கே ‘ஷோ ஸ்விட்ச் ஸ்டாக்-ரிங் ஸ்பீட்’ என்று அடித்துப் பாருங்கள். ‘ஹாஃப்’ என்று வந்தால் வளையம் திறந்திருக்கிறது. ரேக்குக்குப் பின்னால் போய் எது விடுபட்டது என்று பாருங்கள். கேபிளே இல்லையென்றால் அடுத்த ஸ்விட்ச் வாங்குவதற்கு முன்னால் அந்த ஒரு கேபிளை வாங்குங்கள்.